கறுப்புத் தாள் சுற்றாத டியூப்

போன மாதம் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பெண்ணைத் திட்டிவிட்டேன். ரத்தம் எடுக்கிற கடையில் வேலை செய்கிற பெண். என் பேத்தி வயது இருக்கும். திட்டியது தப்புதான். ஆனால் திட்டாமல் இருந்திருந்தால் அதுவும் தப்புதான்.

என் தங்கை கோமளாவுக்குப் பித்தப்பையில் கல். டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் நாலைந்து டெஸ்ட். ரத்தம் கொடுக்க அழைத்துப் போனேன். கடை முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி. கிழக்கே பார்த்த வாசல். அந்தப் பெண் ரத்தத்தை எடுத்தாள், டியூபில் சீட்டு ஒட்டினாள், கண்ணாடியை ஒட்டி இருந்த பிளாஸ்டிக் ஸ்டாண்டில் நட்டு வைத்தாள். மணி பத்து. வெயில் நேராக அதன்மேல் அடித்தது.

"அத உள்ள தள்ளி வைம்மா" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது அங்கிள். பைக் வந்ததும் எடுத்துக்கினு பூடும்."

"பைக் எப்ப வரும்?"

"பன்னெண்டு."

நான் என் துண்டை எடுத்து ஸ்டாண்டை மூடினேன்.

"அங்கிள், டியூப தொடக்கூடாது."

"டியூப எங்க தொட்டேன்? வெயிலத் தொட்டேன். ரெண்டு மணி நேரம் வெயில்ல காய வெச்சிட்டு அப்பறம் இன்னாத்துக்கு டெஸ்ட்டு? வடாமா போட்டுக்கீற?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊசி போட மட்டும் சொல்லிக் கொடுத்து கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் கோபம் அவள்மேல் இல்லை. இருந்தாலும் அவள்தான் எதிரில் இருந்தாள்.

கோமளா நாற்காலியில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாத்துக்குண்ணா அத மூட்ற?" என்றாள்.

"வெயில் பட்டா மஞ்ச எறங்கிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. இதே வார்த்தையை இவள் எதிரில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அப்போது இவள் புருஷன் உயிரோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோமளா என்னைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள்.

அந்தப் பெண் கைக்கு ஏதோ மருந்து தேய்த்துக்கொண்டாள். ஸ்பிரிட் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குப் பழசு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இதே பஜாரில், ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில், ஒரு மாடியில் லேப் இருந்தது. மூன்று அறை. அதில் நான் டியூப் கழுவுகிற ஆள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் சாயங்காலம் வருவார். டெஸ்ட் எல்லாம் செய்வது பத்மாக்கா. சூளூர்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். தெலுங்குக்காரர். கோபம் வந்தால் தெலுங்கு. கணக்குப் போடும்போதும் தெலுங்கு. மற்ற நேரத்தில் நம்ம பாஷைதான், எங்களைவிட வேகமாக.

நான் படித்தது எட்டாவது. படித்தது என்று சொல்லக் கூடாது. எட்டாவது வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்போது டியூப் எல்லாம் கண்ணாடி. தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. ஆசிட்டில் ஆரஞ்சு உப்பு கலந்த தொட்டி ஒன்று இருக்கும். அதில் ராத்திரி ஊறப் போட்டு, காலையில் எடுத்து, ஏழு தண்ணீரில் அலச வேண்டும். அந்த ஆசிட் ஒரு சொட்டு தெறித்தால் சட்டையில் ஓட்டை. என்னிடம் ஓட்டை இல்லாத சட்டை ஒன்றுதான் இருந்தது. பெண் பார்க்கப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு போனேன். கல்யாணம் ஆன பிறகுதான் என் பொண்டாட்டி மற்ற சட்டைகளைப் பார்த்தாள்.

அந்த லேபில் எனக்குப் பிடித்த டெஸ்ட் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் பிலிருபின் என்று எழுதியிருக்கும். நான் மஞ்சள் டெஸ்ட் என்பேன்.

ரத்தத்தை உறைய விட்டு மெஷினில் போட்டுச் சுற்றினால் சிவப்பு எல்லாம் அடியில் போய்விடும். மேலே தெளிவாக நிற்கிற தண்ணீருக்கு சீரம் என்று பெயர். உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு அது வெளுத்த வைக்கோல் நிறம். கல்லீரல் கெட்டவனுக்கு நல்லெண்ணெய் மாதிரி இருக்கும். பத்மாக்கா காலையில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலப்பார். டயசோ என்பார். தனித்தனியாக இருக்கும்வரை கெடாது. கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். அதைச் சீரத்தில் விட்டு, கூடவே மெத்தனால் ஊற்றி, அலமாரி இருட்டில் அரை மணி நேரம் வைப்பார். எடுத்துப் பார்த்தால் மஞ்சள் போய் ரோஜா நிறம் வந்திருக்கும். எவ்வளவு மஞ்சள் இருந்ததோ அவ்வளவு ரோஜா. அதைக் கலரிமீட்டர் பெட்டிக்குள் வைத்தால் முள் நகரும். முள் நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நம்பர்.

மெத்தனால் ஊற்றாமல் இன்னொரு டியூபும் வைப்பார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் டாக்டருக்கு ஏதோ தெரியும். எனக்கு, ஒரு ஆளுக்கு இரண்டு டியூப் கழுவ வேண்டும் என்பது தெரியும்.

கலரிமீட்டருக்கு முன்னால் பத்மாக்கா செய்கிற வேலை ஒன்று இருந்தது. யாரும் செய்யச் சொன்னதில்லை. ஜன்னல் இல்லாத பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் ஆறு சின்ன பாட்டில், மெழுகு வைத்து மூடியது. நான் டியூப் கழுவுகிற அதே ஆரஞ்சு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். ஒன்றாவது பாட்டில் தெரிந்தும் தெரியாத மஞ்சள். ஆறாவது நல்ல ஆரஞ்சு. மெஷின் வராத காலத்தில் இப்படிக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம். சீரம் பிரிந்த உடனே டியூபைத் தூக்கி அந்தப் பாட்டில் பக்கத்தில் பிடிப்பார். "ஒண்ணு", "ஒண்ணு", "ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே தன் சொந்த நோட்டில் எழுதுவார். அப்புறம்தான் டெஸ்ட்.

"இன்னாத்துக்குக்கா டபுள் வேல?" என்று கேட்டேன்.

"முள்ளு பொய் சொல்லும் நைனா. கரென்ட் ஏறி எறங்குனா போதும். என் கண்ணுக்கு கரென்ட் வேணாம்."

கறுப்புத் தாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கீழ் மாடியில் எக்ஸ்ரே எடுக்கிற இடம். எக்ஸ்ரே பிலிம் பாக்கெட்டுக்குள் கறுப்புத் தாள் வைத்து வரும். வெளிச்சம் நுழையாத தாள். பிலிம் தீர்ந்ததும் அந்தத் தாளை எனக்குக் கொடுப்பார்கள். நான் அதை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்வேன். மஞ்சள் டெஸ்ட்டுக்கு வருகிற டியூபுக்கெல்லாம் அதைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவது என் வேலை. மிச்சம் இருக்கிற தாளில் கோமளா மகனின் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். வாத்தியார் கேட்டாராம், உங்க வீட்டில் யாராவது செத்துட்டாங்களா என்று. அப்போது எல்லோரும் சிரித்தோம்.

தாள் எதற்கு என்று முதல் வாரமே பத்மாக்கா சொன்னார். சீரத்தில் இருக்கிற மஞ்சளை வெளிச்சம் தின்றுவிடும். நேர் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் பாதி போய்விடும்.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமளா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பழவேற்காட்டு மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ஏகாம்பரம். வேலையைப் பற்றிக் கேட்டார். நானும் மனுஷன்தான். டியூப் கழுவுகிறவன் என்று எத்தனை நாள் சொல்வது? டாக்டர் மாதிரி பேச ஆரம்பித்தேன். டயசோ என்றேன். சீரம் என்றேன். "கறுப்புக் காயிதம் சுத்தலன்னா அவ்ளோதான் மாப்ள. வெயில் பட்டா மஞ்ச எறங்கிடும். சாவப்போறவன் கூட நார்மல் ஆயிடுவான்" என்றேன்.

கோமளா மீன் துண்டு வைத்துக்கொண்டே, "அப்ப காமால வந்தவன வெயில்ல படுக்க வெச்சா சரியாபூடுமா?" என்று கேட்டாள். சிரித்தோம். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எதையும் மெதுவாகச் சாப்பிடுகிற ஆள் அவர்.

ஏகாம்பரத்துக்கு சிப்காட்டில் டிரம் கம்பெனியில் வேலை. பெரிய கம்பெனிகள் ரசாயனம் வாங்கித் தீர்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பீப்பாய்களை வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்து விற்கிற கம்பெனி. கழுவுவது தண்ணீரில் இல்லை. கரைப்பான் என்று ஒன்று வரும். அதில் துணியை நனைத்து, இடுப்புவரை பீப்பாய்க்குள் தலைகீழாகக் குனிந்து துடைக்க வேண்டும். மூக்கில் கட்டக் கைக்குட்டை. அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோனது. சாயங்காலம் அவர் சட்டையில் ஒரு இனிப்பு வாசனை இருக்கும். எங்கள் லேப் வாசனைக்கு அண்ணன் தம்பி மாதிரி. "நம்ப ரெண்டு பேரும் ஒரே சென்ட்டு மச்சான்" என்பார்.

எல்லோரும் காண்ட்ராக்ட். வருடத்துக்கு ஒரு தடவை பிட்னஸ், உடம்பு வேலைக்குத் தாங்குமா என்று பார்க்கிற டெஸ்ட். எங்கள் லேபுக்குத்தான் ஆர்டர். கம்பெனி எழுதிக் கொடுத்த டெஸ்ட் மூன்று. ரத்த அளவு, சர்க்கரை, பிலிருபின். கல்லீரலுக்கு இன்னும் வேறு டெஸ்ட் உண்டு, அதைச் சேர்க்கலாம் என்று பத்மாக்கா சொன்னார். கம்பெனி வேண்டாம் என்றது. டாக்டரும் வற்புறுத்தவில்லை.

ஒரு வருடம் மூன்று பேருக்கு நம்பர் கூட வந்தது. கம்பெனி என்ன செய்திருக்க வேண்டும்? மருந்து கொடுத்திருக்க வேண்டும். மூக்குக்கு ஒரு மாஸ்க் வாங்கியிருக்க வேண்டும். செய்தது இது. "ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. ரெஸ்ட் முடிந்து போனபோது கேட்டில் விடவில்லை. அவர்கள் குனிந்த பீப்பாயில் வேறு மூன்று பேர் குனிந்தார்கள். பீப்பாய் அதேதான். டெஸ்ட் வைத்தது ஆளைக் காப்பாற்ற இல்லை. கெட்டுப்போன ஆளைப் பொறுக்கி வெளியே போட.

அடுத்த வருடம் பிட்னஸ் நாளுக்கு முதல் நாள் ஏகாம்பரம் லேபுக்கு வந்தார். மாடி ஏறி வரவில்லை. கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போனேன். டீக்கடையில் நின்றோம்.

"கண்ணு எப்டிக்கீது பாரு மச்சான்."

பார்த்தேன். வெள்ளையில் லேசாக மஞ்சள்.

"எத்தினி நாளா?"

"பத்து நாளு இருக்கும். சோறு எறங்கல. கோமளாகிட்ட சொல்லிக்காத."

"டாக்டராண்ட போலாம் வா."

"போலாம். நாளிக்கி தாண்டட்டும். நாளிக்கி மாட்டிக்கினா வேல காலி. பையன் இப்பதான் ஒன்னாங்கிளாஸ்." கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். "நீ சொன்னியே, வெயிலு. என் டியூபுக்கு மட்டும் காயிதம் சுத்தாத. ஜன்னல்ல வெச்சிடு. அவ்ளோதான் ஒதவி."

"மாப்ள, அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"நெஜமா, பொய்யா?"

"நெஜந்தான்."

"அப்பறம் இன்னா பேஜாரு உனக்கு? ஒரு டியூப் ஜன்னல்ல நின்னா உன் சொத்து பூடுமா? ஒரு வருஷம் தள்ளிக்கினா போதும். அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. டீ கிளாசைக் கழுவி வைத்தேன். என் கிளாசை நானே கழுவுவது பழக்க தோஷம். கடைக்காரர் சிரித்தார்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தோம். நாற்பது சொச்சம் டியூப். ஏகாம்பரம் நம்பர் பதினேழு. சுற்றி, பிரித்து, சீரத்தைச் சின்ன டியூபில் மாற்றினோம். பத்மாக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாட்டில் பக்கத்தில் பிடித்துச் சொன்னார். பதினேழு வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"மூணு" என்றார். "இல்ல, மூணுக்கு மேல. பாவம்." நோட்டில் எழுதினார். பிறகு டயசோ கலக்க உள்ளே போனார்.

நான் கறுப்புத் தாளைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு சுற்றினேன். பதினெட்டு சுற்றினேன். பதினேழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தெற்கு ஜன்னல் படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்று இருக்கும். நட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நடுவில் இரண்டு தடவை போய்த் திருப்பிக்கூட வைத்தேன், எல்லாப் பக்கமும் படட்டும் என்று. அப்பளம் காய வைக்கிற மாதிரி. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு.

மத்தியானம் முள்ளைப் பார்த்து நம்பர் எழுதிக்கொண்டு வந்த பத்மாக்கா பதினேழில் நின்றுவிட்டார்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஏமி இது?"

நான் தொட்டி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிச்சம் இருந்த சீரத்தைத் தூக்கிப் பிடித்தார். "காலைல மூணாவது பாட்டில் நெறம். இப்ப வெளுத்துக்கினு, கொஞ்சம் பச்ச அடிக்குது. நைனா, பேப்பர் சுத்துனியா?"

"சுத்துனேங்க்கா."

"என்னப் பாத்துச் சொல்லு."

"சுத்துனேங்க்கா" என்றேன். தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் பத்மாக்கா விஷயத்தைச் சொன்னார். பதினேழுக்கு நாளைக்குத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். டாக்டர் எடுக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம். சொல்லக் கூடாது என்று ஒரு மனம்.

"நம்பர் நார்மல்தானேம்மா?"

"கண்ணுக்கு நார்மலா இல்ல சார் காலைல."

"கண்ணால பாத்தத ரிப்போர்ட்ல போட முடியுமா? நார்மல் வந்தவனத் திரும்பக் கூப்புட்டா கம்பெனில கேப்பாங்க, உங்க லேப்ல இன்னா நடக்குதுன்னு. விடும்மா." கையெழுத்துப் போட்டார். நாற்பது சொச்சம் கையெழுத்து. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஏகாம்பரம் பக்கோடா பொட்டலத்தோடு வந்தார். "தாண்டிட்டேன் மச்சான்" என்றார். அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, ஒன்றை வாயில் வைத்துவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் தள்ளிவிட்டார். நான் முழுவதும் தின்றேன். டாக்டரிடம் போகலாம் என்று ஞாபகப்படுத்தினேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் கண் வெளுத்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, தானாகவே போய்விட்டது என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் வெளுப்பாகத்தான் தெரிந்தது. நாம் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதைக் காட்டுகிற கண் நம்முடையது. பத்மாக்காவின் கண் வேறு.

ஏழு மாதம் பீப்பாய்க்குள் குனிந்தார். வேறு இடம் பார்க்கவில்லை. பார்க்க ஏது நேரம்? எட்டாவது மாதம் கம்பெனி முற்றத்திலேயே விழுந்தார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. கண் ஆறாவது பாட்டில். பதினோரு நாள் இருந்தார். கடைசியில் கோமளாவையே அடையாளம் தெரியவில்லை. என்னை ஒரு தடவை தெரிந்தது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். காற்று வேண்டும் என்று கோமளா நினைத்து ஜன்னலைத் திறந்தாள். அவர் எந்த ஜன்னலைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்து கோமளா கம்பெனிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பர்சனல் மேனேஜர் என்று ஒருவர். டேபிள் பேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மரியாதையானவர். பைலை எடுத்து எங்கள் லேப் ரிப்போர்ட்டை விரித்து வைத்தார்.

"பாருங்கம்மா. எல்லாம் நார்மல். கம்பெனியால ஒண்ணும் ஆகல. இது ஏழெட்டு மாசத்துல கெட்டுப்போன லிவர். சாராயத்துல போறதுதான் இப்படிப் போவும்."

"அவுரு குடிக்க மாட்டாருங்க."

"ஊட்டுக்குத் தெரிஞ்சா குடிப்பாங்க?"

"கள்ளு வாயில வெச்சதில்ல அந்தாளு. தீவாளிக்குக் கூட."

"நான் சொல்லலம்மா. பேப்பர் சொல்லுது."

பேப்பர் என்று அவர் விரல் வைத்த இடத்தில் பதினேழு என்று இருந்தது. பக்கத்தில் ஒன்று புள்ளி ஒன்று. அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் கோமளாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கோமளா கேட்டைத் தாண்டியதும் நேராக எங்கள் லேபுக்கு வந்தாள். மாடி ஏறினாள். பத்மாக்கா எதிரில் நின்றாள்.

"எங்க அண்ணன் இங்கதானே கீறாரு. நீங்களே சொல்லுங்கக்கா. அந்தக் காயிதம் தப்புன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. டப்பு கேக்கல நானு. குடிகாரன்னு சொல்லி அனுப்பிட்டான். பையன் பெரியவனாயி கேப்பான்."

பத்மாக்கா தன் நோட்டை எடுத்தார். பக்கம் புரட்டினார். பதினேழு, மூன்றுக்கு மேல். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கோமளாவைப் பார்க்கவில்லை அவர். என்னைப் பார்த்தார்.

"காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நடுவுல இன்னா நடந்துச்சின்னு தெரிஞ்ச ஆளு சொன்னா நான் எழுதித் தரேன். கையெழுத்தும் போடறேன். எனக்கு வேல போனாலும் போவட்டும். நீ சொல்லு நைனா."

கோமளா என் பக்கம் திரும்பினாள். "இன்னாண்ணா?"

நான் சொன்னது இது: "எனக்கு இன்னா தெரியும்? நான் டியூப் கழுவுறவன்."

டாக்டர் மாதிரி பேச வாய் இருந்தது. அன்றைக்கு டியூப் கழுவுறவன் ஆகிவிட்டேன்.

கோமளா போன பிறகு பத்மாக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்தார். திட்டவில்லை. தெலுங்கில்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் என்னை நைனா என்று கூப்பிடவில்லை. ஏம்பா என்பார். இரண்டு வருடத்தில் நாயுடுபேட்டை பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று ஆறு பாட்டிலையும் தொட்டியில் கொட்டினார். காலிப் பாட்டில்களை என்னிடம் கொடுத்து, "கழுவி வை" என்றார்.

அந்தப் பக்கத்தைக் கறுப்புத் தாளில் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு பெரிய மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பெட்டி ஊறிப்போனது. திறந்தபோது கறுப்புக் கூழ். தண்ணீர் மேல் பழி போடலாம். தண்ணீர் வருவதற்குள் எத்தனை வருடம் அது காய்ந்த தாளாக இருந்தது.

போன மாதக் கதைக்கு வருகிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். கோமளா எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கவரைப்பேட்டை தாண்டியது. பஞ்சை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

"அன்னிக்கு அவுரு டியூபுக்குக் காயிதம் சுத்துனியா?"

இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு ஆயிரம் பதில் செய்து வைத்திருந்தேன்.

"இல்ல" என்றேன்.

"அவுரு கேட்டாரா?"

"கேட்டாரு. ஜன்னல்ல வெச்சது நானு."

ஆட்டோவில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வயதான அண்ணனும் தங்கையும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள்.

"குடிச்சிருப்பாருன்னு அவன் சொன்னானில்ல" என்றாள். குரல் உயரவில்லை. "நான் ஊட்டுக்கு வந்து பரண்ல தேடுனேன். மாட்டுக் கொட்டாயில தேடுனேன். பாட்டில் எதுனா மறச்சி வெச்சிருக்காரான்னு. கெடைக்கல. கெடைக்காட்டியும் நான் நம்புனேன். எனக்குத் தெரியாம எங்கியோ குடிச்சிருக்காருன்னு. இத்தினி வருசமா அந்த மனுசனுக்குப் படையல் போடும்போதெல்லாம் மனசுல திட்டிக்கினேதான் போட்டேன்."

நிறுத்தம் வந்தது. இறங்கினாள். நான் இறங்கக் காலை வைத்தேன். "நீ போ" என்றாள்.

மறுநாள் ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. கோமளாவின் நம்பர் புள்ளி எட்டு. நார்மல். துண்டு போடுவதற்கு முன் வெயில் எவ்வளவு தின்றதோ, துண்டை நாங்கள் எடுத்துக்கொண்டு வந்த பிறகு எவ்வளவு தின்றதோ, யாருக்குத் தெரியும். எந்தக் கண் பார்த்தது? திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போன் செய்தேன். அவள் மகன் எடுத்தான். அவனே வேறு இடத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். அவனுக்கு அவள் எல்லாம் சொல்லிவிட்டாள் என்று குரலில் தெரிந்தது. அவனுடைய அப்பா குடிகாரர் இல்லை என்று இருபத்தைந்து வருடம் கழித்து அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒன்று மட்டும் நடந்தது.

டிரம் கம்பெனி எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய குடோன், வெளியில் லாரி வரிசை. எங்கள் லேப் இருந்த மாடியில் செல்போன் ரிப்பேர். கீழே எக்ஸ்ரே இருக்கிறது, ஆனால் பிலிம் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. போய்க் கேட்டேன், கறுப்புத் தாள் ஒன்று கிடைக்குமா என்று. அப்படி ஒன்று இருந்ததா என்று அந்தப் பையன் கேட்டான்.

கூடப் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். உலகத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட ஒரே ஆள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் வைத்தாள்.

"இன்னா வேணும்?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள், அண்ணா என்று சேர்க்கவில்லை.